கழற்றின சாமானை எங்கே வைப்பாய்?

பழைய ரேஸ் சைக்கிளை ஃபிக்ஸட் கியராக மாற்றலாமா என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று திருப்பிக் கேட்பேன்: கழற்றின சாமானை எங்கே வைப்பாய்? அதற்குத் தெளிவான பதில் இருந்தால் மற்றதெல்லாம் ஸ்பானர் வேலை. இல்லையென்றால் அந்தச் சைக்கிளைத் தொடாமல் விடுவதே நல்லது.

லண்டனில் குடியேறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சம்பளத்துக்கு கம்ப்யூட்டர், மனசுக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட். 1960களிலிருந்து 80கள் வரை செய்த ஸ்டீல் ரேஸ் சைக்கிள்களை வாங்கி, பேரிங்கின் கோன், கப்பு, பால்ஸ் எல்லாம் கழுவி, ஓவராயில் பண்ணி ஓட்டுவேன். தெரிந்தவர்களுக்கும் செய்து கொடுப்பேன். இந்த வட்டாரத்தில் நுழைந்தவர் யாரும் ஃபிக்ஸி, அதாவது ஃபிக்ஸட் கியர் சண்டையிலிருந்து தப்ப முடியாது. நானும் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டிருக்கிறேன்.

ஃபிக்ஸட் கியர் என்றால் பின் சக்கரத்தில் ஃப்ரீவீல் கிடையாது. பல் சக்கரம் ஹப்போடு, அதாவது சக்கரத்தின் நடு உருளையோடு, இறுகியிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். இறக்கத்தில் காலை நிறுத்திவிட்டுச் சும்மா உருள முடியாது. பெடலை எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும். முதல் தடவை ஏறுபவர்கள் பழக்க தோஷத்தில் காலை நிறுத்துவார்கள். பெடல் அவர்களை மேலே தூக்கிப் போடும். கொஞ்ச நாளில் கால் பழகிவிடும், அப்புறம் ஒரு பித்து பிடிக்கும். மழையில், போக்குவரத்து நெரிசலில், சக்கரம் ரோட்டைப் பிடித்திருக்கிறதா வழுக்குகிறதா என்று உள்ளங்காலே சொல்லும். அந்தப் பித்தை நான் மறுக்கவில்லை. எனக்கும் உண்டு.

மாற்றக் கூடாது என்பவர்களின் வாதம் இது. இந்தச் சைக்கிள் கியரோடு பிறந்தது. ஃப்ரேம், செயினைப் பல் சக்கரம் விட்டுப் பல் சக்கரம் தள்ளிக் கியர் மாற்றும் டீரெய்லர், பிரேக், பெடல் மாட்டும் கிராங்க் எல்லாம் ஒரே காலத்துக் கைகள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்தவை. அதிலிருந்து பாதியைப் பிடுங்கிவிட்டு மீதியை ஓட்டுவது அவமரியாதை. மாற்றலாம் என்பவர்கள், ஷெட்டில் துருப்பிடித்துக் கிடப்பதைவிட ரோட்டில் ஓடுவது மேல் என்பார்கள். பழைய கியர் தகராறு பண்ணும், உதிரி சாமான் விலை அதிகம், ஒற்றைச் செயினில் பராமரிப்பு குறைவு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் தங்கள் கட்சிக்கு இழுக்கும் வரலாறு பாதிதான் சரி.

டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி டெக்ரான்ஜுக்கு கியர் மாற்றும் கருவி என்றாலே பிடிக்காது. 1903இல் தொடங்கிய போட்டியில் 1937 வரை டீரெய்லருக்கு அனுமதி இல்லை. அதற்கு முந்தைய காலத்தில் பின் ஹப்பின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவுப் பல் சக்கரம் இருக்கும். மலை வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டு ஏற வேண்டும். 1927இல் இத்தாலியின் குரோச்செ தௌனெ கணவாயில், குளிரில் விரல் மரத்துப்போய், சக்கரத்தின் நட்டைத் திருக முடியாமல், பின்னாளில் தன் பெயரிலேயே சைக்கிள் சாமான் கம்பெனி தொடங்கிய பந்தய வீரர் துல்லியோ காம்பன்யோலோ தவித்தார் என்றும், அந்த ஆத்திரத்தில்தான் ஸ்பானர் இல்லாமல் லீவரைத் திருப்பிச் சக்கரத்தைக் கழற்றும் க்விக் ரிலீஸ் பிறந்தது என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறதோ, க்விக் ரிலீஸ் அவர் கம்பெனியின் பெயரோடு பரவியது நிஜம். கியர் மாற்றச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்த காலத்தில் அதன் அருமை என்ன என்று யோசித்தால் புரியும்.

இங்கிலாந்துக் கதை இன்னும் சுவாரசியம். இங்கே கிளப் சைக்கிள்காரர்கள் குளிர்காலம் முழுக்க ஃபிக்ஸட் ஓட்டுவது நெடுநாள் வழக்கம். உப்புத் தூவிய சேற்று ரோட்டில் கியர் சாமான் நாசமாகும். காலும் சீராகச் சுற்றப் பழக வேண்டும். மட்கார்டு மாட்டிய ஃபிக்ஸட் சைக்கிளில், வட்டப் பந்தயத் தளமான டிராக்குக்கு ஓட்டிப் போய், அங்கே மட்கார்டையும் பிரேக்கையும் கழற்றிவிட்டுப் பந்தயத்தில் ஓட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அதற்கென்றே ரோடு-டிராக் என்ற ஜாதி ஃப்ரேம்கள் இருந்தன. தெற்கு லண்டனில் 1891இல் கட்டிய ஹெர்ன் ஹில் வெலோட்ரோம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1948 ஒலிம்பிக்ஸின் டிராக் பந்தயங்கள் நடந்த இடம். அங்கே அறிமுகமான ஒரு பெரியவர், 1960களில் தன்னிடமிருந்த ஒரே நல்ல சைக்கிளைக் கோடையில் பத்து கியரோடும், குளிர்காலத்தில் ஃபிக்ஸட் சக்கரம் மாட்டியும் ஓட்டியவர். பழைய ரேஸ் சைக்கிளை ஃபிக்ஸட் ஆக்கலாமா என்ற விவாதத்தை விளக்கிச் சொன்னபோது, அதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்றே அவருக்குப் புரியவில்லை. அன்று ஓட்டியவருக்குத் தெரியாத புனிதம், பின்னாளில் வாங்கிச் சுவரில் மாட்டியவருக்குத்தான் தெரிகிறது.

இதைக் கேட்டு ஃபிக்ஸிக்காரர்கள் துள்ள வேண்டாம். அந்தப் பெரியவர் வசந்தம் வந்ததும் கியரைத் திரும்ப மாட்டினார். ஆணியில் தொங்கிய கியர் சக்கரம், டப்பாவில் இருந்த டீரெய்லர், சுற்றி வைத்த செயின் எல்லாம் ஏப்ரலில் அதனதன் இடத்துக்குப் போய்விடும். 2005க்கு அப்புறம் நகரங்களில் கிளம்பிய ஃபிக்ஸி மோகத்தில் நடந்தது அது இல்லை. கழற்றிய சாமான் அடுத்த வாரமே விற்பனைக்குப் போயிற்று. காம்பன்யோலோ டீரெய்லர் ஒருவருக்கு, லீவர் இன்னொருவருக்கு, சக்கரம் மூன்றாமவருக்கு. சிலர் அழகுக்காக ஆங்கிள் கிரைண்டரை எடுத்து, டீரெய்லர் மாட்டும் காதையே அறுத்தார்கள். கேபிள் செல்லும் சின்ன வளையங்களை அராவித் தேய்த்தார்கள். அப்புறம் எல்லாவற்றையும் மறைக்க ஒரே நிறத்தில் பவுடர் கோட்டிங்.

அறுத்த காதைத் திரும்ப ஒட்டுவது ஃப்ரேம் கட்டுபவரின் வேலை. சக்கரத்தின் அச்சு உட்காரும் டிராப்அவுட்டையே மாற்றிப் பற்றவைக்க வேண்டும், பெயிண்டும் புதிதாக அடிக்க வேண்டும். சாதாரண ஃப்ரேமுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. தேய்ப்பதிலும் ஆபத்து உண்டு. ரெனால்ட்ஸ் 531 போன்ற குழாய்களில் ஓரத்தில் தடிமன், நடுவில் மெல்லிசு. 1935இல் பர்மிங்காமில் வந்த இந்தக் குழாயின் பெருமையே அந்த மெல்லிசுதான். அதன்மேல் கிரைண்டர் ஒரு நொடி கூடுதலாக நின்றால் குழாய் பலவீனமாகும். பவுடர் கோட்டிங்குக்கு முன் மணல் பீய்ச்சித் துரு எடுப்பார்கள். அனுபவமில்லாத கையில் அது, குழாய்கள் சேரும் மூட்டு உறையான லக்கின் கூர்மையான ஓரங்களைத் தின்றுவிடும். மிச்சமிருக்கும் ஓரத்தைத் தடித்த பெயிண்ட் மூடிவிடும். கையால் அரம் போட்டுச் செதுக்கிய லக், மெழுகு ஊற்றிய மாதிரி ஆகிவிடும். கீறல் விழுந்த பழைய பெயிண்ட் எனக்கு அதைவிட எவ்வளவோ மேல்.

ஆக, ஃபிக்ஸட் சக்கரம் எந்தப் பழைய சைக்கிளையும் கொன்றதில்லை என்பது என் கட்சி. கொன்றவை கிரைண்டர், பவுடர் கோட்டிங், உதிரியாகப் பிரித்து விற்பது ஆகிய மூன்றும். இதில் மூன்றாவதுதான் அதிகம் நடந்தது, அதிகம் பேசப்படாததும் அதுதான். ஃப்ரேம் கெடாமலே இருக்கும். ஆனால் அதன் செட் பிரிந்துவிட்டது என்றால் திரும்பச் சேர்ப்பது லேசில் நடக்காது. இத்தாலியில் 1997இல் தொடங்கிய எரோய்க்கா சவாரி மாதிரி நிகழ்ச்சிகளுக்கு 1987க்கு முந்தைய ரேஸ் சைக்கிள், கீழ்க் குழாயில் கியர் லீவர், கால் மாட்டும் கிளிப் எல்லாம் வேண்டும். அதற்கு ஆசைப்பட்டு, சில வருடங்களுக்கு முன் தானே விற்ற டீரெய்லரையே மறுபடி தேடி அலைந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

கிழக்கு லண்டனில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்று உண்டு. அந்த வீட்டுப் பையன், பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். ஒருநாள் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, “அண்ணை, இதை ஃபிக்ஸியா மாத்த ஏலுமோ?” என்றான். பார்த்தால் 1970களின் ரேலி புரொஃபெஷனல். வொர்க்சாப்பில் இருந்த கார்ல்டன் பட்டறையில் கட்டியது, 531 குழாய், காம்பன்யோலோ நுவோவோ ரெக்கார்ட் சாமான் கிட்டத்தட்ட முழுசாக. பெயிண்டில் கீறல், செயினில் துரு, கேபிள் இறுகிப்போயிருந்தது. அவன் கண்ணுக்கு அது ஓடாத பழைய சைக்கிள்.

அம்பத்தூரில் வளர்ந்தவன் ரேலி என்றால் கொஞ்சம் நின்று பார்ப்பான். 1960லிருந்து ரேலியை வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்தான், 1949இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து எங்கள் ஊர் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய கம்பெனி. 1980இல் யோப் சூட்டமெல்க் டூர் டி பிரான்ஸ் ஜெயித்த டி.ஐ.-ரேலி அணியின் பெயரில் இருக்கும் டி.ஐ.யும் அதுதான். டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸில் அரிசி மூட்டை ஏற்றிப் போனவர்களுக்கும், டூர் ஜெயித்தவர் போடும் அந்த மஞ்சள் ஜெர்சிக்கும் இப்படி ஒரு ஒன்றுவிட்ட உறவு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அவனிடம் முடியாது என்று சொல்லவில்லை. மாற்ற முடியும், அரை நாள் வேலை. ஆனால் உன் அறையில் இந்தச் சாமானையெல்லாம் வைக்க இடம் இருக்கிறதா, இன்னும் ஐந்து வருடத்தில் நீ நான்கு வீடு மாறுவாயே, அப்போதும் டப்பா உன்னோடு வருமா என்று கேட்டேன். பதிலுக்குத் தலையைச் சொறிந்தான். செட் முழுசாக இருக்கும் சைக்கிளை அப்படியே ஓவராயில் பண்ணுவோம், ஃபிக்ஸிக்கு ஒரு வெறும் ஃப்ரேம் தேடுவோம் என்று முடிவானது. அவனுக்கு அரை மனசுதான். இன்னொரு நண்பர், இத்தாலியர், இதைக் கேட்டுவிட்டு வெறும் ஃப்ரேமைக்கூட அப்படிச் செய்யக் கூடாது, அந்தக் காலத்து சாமான் தேடி மாட்ட வேண்டும் என்றார். மாட்டலாம்தான். அந்தச் சாமான் எங்கிருந்து வரும்? இன்னொரு முழு சைக்கிளைப் பிரித்தால்தான் வரும். வெறும் ஃப்ரேமுக்குச் செட் தேடுவதும் ஒரு சைக்கிளைக் கொல்லும் வேலைதான் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை.

ஃப்ரேம் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது பின் டிராப்அவுட். சக்கரத்தின் அச்சு உட்காரும் அந்தப் பிளவு படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். டீரெய்லர் இல்லாதபோது செயினை இழுத்துக் கட்டுவதற்குச் சக்கரத்தைப் பின்னே தள்ளுவதுதான் வழி. 1980களின் நடுப்பகுதி வரை வந்த ரேஸ் ஃப்ரேம்களில் பெரும்பாலும் படுக்கைவாட்டுப் பிளவுதான். அதன்பிறகு செங்குத்துப் பிளவு பரவிற்று. செங்குத்தாக இருந்தால் அதற்கென்று மையம் விலகிய ஹப் வாங்க வேண்டும், அல்லது செயின் தற்செயலாகச் சரியாக உட்காரும் பல் கணக்கைத் தேட வேண்டும். செயின் தேய்ந்ததும் அந்தக் கணக்கும் போய்விடும். அந்தத் தலைவலி வேண்டாம்.

அடுத்தது அகலம். டிராக் ஹப் 120 மி.மீ. ஐந்து கியர் காலத்து ஃப்ரேமும் 120, அப்படியே உட்காரும். ஆறு, ஏழு கியர் ஃப்ரேம் 126. இங்கே பலர் நட்டைப் போட்டு இறுக்கி ஃப்ரேமையே நெருக்கிவிடுவார்கள். ஸ்டீல் வளைந்து கொடுக்கும், உண்மைதான். ஆனால் டிராப்அவுட் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் கோணி, அச்சு வளையும், ஒருநாள் உடையும். நீளமான அச்சு போட்டு, இரண்டு பக்கமும் 3 மி.மீ. வாஷர் கொடுத்தால் போதும். ஃப்ரேமுக்கு ஒன்றும் ஆகாது, நாளைக்கே 126 சக்கரம் திரும்ப மாட்டலாம்.

இப்போது நான் கறாராக இருக்கும் இடம்: ஹப். பழைய ஃப்ரீவீல் ஹப்பும் டிராக் ஹப்பும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். பல் சக்கரம் ஏறும் மரை இரண்டிலும் ஒன்றே, விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அதனால் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு டிராக் பல் சக்கரத்தைத் திருகினால் கச்சிதமாக ஏறும். ஆனால் டிராக் ஹப்பில் அதற்கு வெளியே இன்னொரு படி உண்டு, கொஞ்சம் சிறிய விட்டத்தில், இடது மரையோடு. அதில் லாக்ரிங் என்ற பூட்டு வளையம் எதிர்த்திசையில் இறுகும். நீங்கள் பெடலை எதிர்த்து அழுத்தும்போது பல் சக்கரம் அவிழப் பார்க்கும். அப்போது அது லாக்ரிங்கை மேலும் இறுக்குமே தவிர அவிழ்க்காது. ஃப்ரீவீல் ஹப்பில் அந்தப் படி இல்லை. பி.பி., அதாவது கிராங்க் அச்சு சுற்றும் பாட்டம் பிராக்கெட்டின் லாக்ரிங்கைத் திருகி, லாக்டைட் பசை தடவி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதுவும் வலது மரைதான், பல் சக்கரத்தோடு சேர்ந்தே அவிழும். அவிழும் நேரம் எது? நீங்கள் அவசரமாக வேகத்தைக் குறைக்கும் நேரம். இங்கே இதற்குத் தற்கொலை ஹப் என்றே பெயர். அப்படி ஓடி வந்த ஒரு சைக்கிளை என் ஷெட்டில் பிரித்தபோது ஸ்பானரே தேவைப்படவில்லை, கையாலேயே கழன்றது. பணம் இல்லையென்றால் மற்ற எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

பிரெஞ்சு சைக்கிளாக இருந்தால் இன்னொரு கண்ணி. பழைய பெஜோ மாதிரியானவற்றின் ஹப்பில் மரை 34.7 மி.மீ., ஒரு மி.மீ. இடைவெளி. ஆங்கில மரைப் பல் சக்கரம் அதில் தொளதொளவென்று ஏறும், பாரம் விழுந்ததும் மரையை உரித்துக்கொண்டு வரும். பி.பி. கப்பிலும் இதே கூத்து: ஆங்கில அளவு 1.37க்கு 24, இத்தாலிக்கு 36 மி.மீ.க்கு 24, பிரான்ஸுக்கு 35க்கு ஒன்று. நாட்டிங்ஹாமில் செய்த ரேலிகள் பலவற்றில் 26 மரை என்று தனிக் கணக்கு வேறு. கப்பு ஏறவில்லை என்று பலத்தைக் காட்டினால் ஃப்ரேமின் மரை போய்விடும். அதனால் ஓடுகிற பழைய கப்பையும் அச்சையும் நான் மாற்றுவதே இல்லை. கழுவி, புது பால்ஸ் போட்டு, கிரீஸ் வைத்து மூடிவிடுவேன்.

செயின் நேர்க்கோட்டில் ஓட வேண்டும். டிராக் ஹப்பில் பல் சக்கரம் நடுவிலிருந்து 42 மி.மீ. தள்ளி இருக்கும். பழைய இரட்டை கிராங்கில் உள்பக்க இடம் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும். அந்த இடத்தில் இருக்கும் 42 பல்லையே வைத்துக்கொண்டு, வெளிச் சக்கரத்தைக் கழற்றி, குட்டை போல்ட் போட்டால் வேலை முடிந்தது. செயினை நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. அளவு அசைய வேண்டும். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஃப்ரீவீலில் செயின் கழன்றால் ஓரமாக நின்று மாட்டிக்கொள்ளலாம். ஃபிக்ஸட்டில் கழன்ற செயின் சிக்கினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதனால்தான் பின் சக்கரத்துக்கு க்விக் ரிலீஸ் வேண்டாம், நல்ல டிராக் நட் போடுங்கள் என்கிறேன்.

பல் கணக்கில் இளைஞர்கள் எப்போதும் பெரிசாகக் கேட்பார்கள். 48க்கு 16, அதாவது முன்னால் 48 பல், பின்னால் 16 என்பான். சமவெளியில் பறக்கும், சிக்னலில் கிளம்பும்போது முழங்கால் கதறும். இன்னொன்றும் இருக்கிறது. 48ஐ 16ஆல் வகுத்தால் மீதமில்லாமல் 3. அதாவது காலை ஒரே நிலையில் வைத்துச் சறுக்கி நிறுத்தினால் டயரில் எப்போதும் ஒரே இடம்தான் தேயும். 42க்கு 17 போட்டால் தேய்மானம் 17 இடங்களில் பகிர்ந்துகொள்ளும். லண்டனுக்கு 42க்கு 16 அல்லது 17 என்பதுதான் என் கணக்கு. 42க்கு 16இல், நிமிடத்துக்கு 90 சுற்றில் மணிக்கு சுமார் 30 கி.மீ. போகலாம். இறக்கத்தில் 45 தொட்டால் கால் 135 சுற்றுப் போட வேண்டும். சர்ரேயில் இருக்கும் பாக்ஸ் ஹில், 2012 ஒலிம்பிக்ஸில் ஆண்கள் ரோடு ரேஸ் ஒன்பது முறை சுற்றிய குன்று. அதில் ஃபிக்ஸட்டில் ஏறுவது சுகம். இறங்குவதற்குத்தான் பிரேக் வேண்டும்.

பிரேக் பற்றி விவாதமே இல்லை. பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு விதிகள்படி ரோட்டில் ஓடும் ஃபிக்ஸட் சைக்கிளுக்கு முன் சக்கரத்தில் பிரேக் கட்டாயம். பின் சக்கரத்துக்குப் பெடலே பிரேக் என்று கணக்கு. 2016இல் லண்டனில் முன் பிரேக் இல்லாத டிராக் சைக்கிள் மோதி, ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண் இறந்துபோனார். ஓட்டியவருக்கு மறு வருடம் 1861ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் 18 மாதச் சிறை. டிராக்கில் நிலைமை நேர்மாறு: அங்கே பிரேக் இருக்கக் கூடாது, ஏனென்றால் முன்னால் போகிறவர் திடீரென்று நின்றால் பின்னால் வருபவர்களுக்கு வழியில்லை. அந்த விதியை ரோட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டைல் என்று சொல்வது முட்டாள்தனம். நான் இரண்டு பிரேக்கையும் விட்டுவைப்பேன். பழைய ரோடு ஃப்ரேமை மாற்றுவதில் இருக்கும் பெரிய லாபமே, பிரேக் ஓட்டை முன்னும் பின்னும் ஏற்கெனவே இருப்பதுதான். ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் ஓடிக் கழித்த ஃப்ரேம்கள் இங்கே விற்பனைக்கு வரும்; பளபளக்கும், பிறவியிலேயே ஃபிக்ஸட். ஆனால் ஃபோர்க்கில் பெரும்பாலும் பிரேக் ஓட்டை இருக்காது.

ரோடு ஃப்ரேமில் ஒரு குறை, பி.பி. தரைக்குப் பக்கத்தில் இருக்கும். திருப்பத்தில் சாயும்போதும் பெடல் சுற்றிக்கொண்டே இருப்பதால் தரையில் தட்டும். 170 மி.மீ. கிராங்குக்குப் பதில் 165 போட்டால் கொஞ்சம் தணியும். மீதியை, மெதுவாகத் திரும்பிச் சமாளிக்க வேண்டும். பழைய காம்பன்யோலோ கிராங்கை வைத்தே ஓட்டுவதானால், கையும் பல் சக்கரக் கிளையும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துடைத்துவிட்டு விளக்கடியில் பாருங்கள். பேர்போன பலவீனம் அது. ஃபிக்ஸட்டில் முன்னும் பின்னும் மாறி மாறி அழுத்தம் விழும் என்பதால் எனக்கு அந்த கிராங்கைப் போட மனசு வராது. ஃப்ரேமில், கீழ்க் குழாய், ஹேண்டில்பார் தண்டு நுழையும் ஹெட்டோடு சேரும் இடத்துக்குப் பின்னால் அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். சின்னப் புடைப்பு தட்டுப்பட்டால் எங்கேயோ முன்பக்கம் மோதிய சைக்கிள். எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். 27 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் சற்றே சிறிய 700சி அளவுச் சக்கரம் போடுகிறவர்கள், ரிம் 4 மி.மீ. உள்ளே போவதால் பிரேக் ரப்பர் எட்டுகிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும்.

செட் முழுசாக இருந்தும் ஃபிக்ஸட் ஆசை அடங்கவில்லை என்பவர்களுக்கு, அந்தப் பெரியவர் செய்ததைத்தான் சொல்வேன். ஒரு டிராக் ஹப் பின் சக்கரம் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு செயின் தனி. பழைய செயினை வெட்டிக் குறைக்க வேண்டாம். டீரெய்லரையும் கேபிளையும் கழற்றி, வெளிப் பல் சக்கரத்தையும் அதன் போல்ட்டையும் சேர்த்து, ஒரே டப்பாவில் போட்டு, ஃப்ரேமின் அடியில் பி.பி. கூட்டில் குத்தியிருக்கும் எண்ணை டப்பா மேல் எழுதுங்கள். ஒன்றுக்கு மேல் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். இரண்டு வருடம் கழித்து எந்த லீவர் எதனுடையது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. வளையத்தால் மாட்டிய லீவரானால் கழற்றலாம். லீவர் மாட்ட ஃப்ரேமிலேயே பற்றவைத்த கொம்பு என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், அரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. விற்பதானால் டப்பாவோடு சேர்த்து விற்கவும். தனித்தனியாக விற்றால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று கை துறுதுறுக்கும், தெரியும்.

அந்தப் பையனுக்குக் கடைசியில் ஒரு 531 ஃப்ரேம் கிடைத்தது. செய்தவர் பெயர் ஸ்டிக்கர் உரிந்துபோய், குழாய் ஸ்டிக்கர் மட்டும் பாதி மிஞ்சியிருந்தது. சாமான் எதுவும் இல்லை, ஃபோர்க் மட்டும் இருந்தது. 120 அகலம், படுக்கைவாட்டுப் பிளவு, டீரெய்லர் காது அறுபடாமல். புது டிராக் சக்கரம், இரண்டு பழைய வைன்மன் பிரேக், 42க்கு 17. பெயிண்டைத் தொடவில்லை. ரேலி காம்பன்யோலோ கியரோடு அவன் வீட்டு வராந்தாவில் நிற்கிறது. வார இறுதியில் அதை அவன் அப்பா எடுத்துக்கொண்டு போய்விடுகிறார் என்று புகார். 17 போட்டால் கியர் ரொம்பச் சின்னது, கூட்டாளிகள் சிரிக்கிறார்கள், 15 போட்டுத் தாருங்கோ அண்ணை என்று இப்போது நச்சரிப்பு. பாக்ஸ் ஹில்லை ஒருமுறை முழுசாக இறங்கிக் காட்டு, 16 போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.